கடலோர மணல்ல கக்கூஸ் கட்டுறீங்களா? குழிய கீழ எறக்காதீங்க, மேல ஏத்துங்க

நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊருல வீடு கட்டுறவங்க நெறைய பேரு பண்ற தப்பு இதுதான், சித்திரை வெயில்ல குழி தோண்டிட்டு "ஆறடி போயும் தண்ணி வரலயே"ன்னு உறைய எறக்கிடுறாங்க. அதே எடத்துல கார்த்திகை மாசம் தோண்டிப் பாருங்க, ரெண்டடி மூணடியிலயே ஊத்து வந்துரும். அப்புறம் குழில இருக்கறது பூரா நெலத்தடி தண்ணியோட கலந்து, மணல்ங்கறதால சுளுவா ஓடி, பக்கத்து வீட்டு அடிபம்புல வரும், அதத்தான் புள்ளைங்க குடிக்குதுங்க.

அதனால மொதல்ல அடைமழை நேரத்துல தண்ணி எவ்ளோ ஆழத்துல நிக்குதுன்னு அளந்துக்கோங்க. குழியோட அடியிலேர்ந்து அந்த மட்டத்துக்கு 2 மீட்டராவது இடைவெளி இருந்தாதான் உறைக்குழி போடலாம், அதுவும் ஒன்னு இல்ல, மாத்தி மாத்தி பயன்படுத்துற மாதிரி ரெண்டு.

அந்த இடைவெளி இல்லன்னா (நம்ம பக்கம் பெரும்பாலும் இருக்காது) எக்கோசான் கக்கூஸ்தான் சரி, அதாவது மலத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியா பிரிச்சு, தண்ணி ஊத்தாம மக்க வச்சு உரமாக்குற கக்கூஸ். காமேஸ்வரத்துல சுனாமிக்கப்புறம் இத வீடுகளுக்கு கட்டிக் குடுத்தாங்க, காவிரிக் கரையில முசிறியிலயும் இருக்கு. தரைக்கு மேல ரெண்டு சிமெண்ட் அறை, அதுமேல பீங்கான். மலம் விழ ஒரு ஓட்டை, மூத்திரத்துக்குத் தனி வழி, கால் கழுவ தள்ளி ஒரு எடம். மழையில தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு ஊர்ப் பெரியவங்கள கேட்டு அதுக்கும் மேல அறையோட தரை வர்ற மாதிரி கட்டுங்க.

ஒவ்வொரு தடவையும் போனதும் சாம்பல் போடணும், தண்ணி மட்டும் அந்த ஓட்டைல விழவே கூடாது, விழுந்தா நாத்தமும் புழுவும் வந்து வீட்டுல உள்ளவங்க வெறுத்துருவாங்க, இந்தக் கக்கூஸ் பாழாப் போறதே இந்த ஒரு விஷயத்துலதான். இப்ப எல்லார் வீட்லயும் கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க, ரைஸ் மில்லுல உமிச்சாம்பல் கெடைக்கும், மூட்டையா வாங்கி நனையாம வச்சுக்கோங்க. ஒரு அறை நெறஞ்சா மூடிட்டு அடுத்தத தொறங்க, மூடுனது ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே கெடக்கட்டும், அப்புறம் வெட்டி தென்னைக்குப் போடலாம். மூத்திரத்துல பத்து பங்கு தண்ணி கலந்து மரத்தச் சுத்தி மண்ணுல ஊத்துங்க, கீரைக்கு வேணாம்.

கால் கழுவுன தண்ணி கல்வாழை, வாழைப் பாத்திக்குப் போகட்டும். மீன் கழுவுற தண்ணின்னா செதில் கொடலு தங்குற மாதிரி வலத்துண்டு கட்டி வடிச்சு விடுங்க. கருவாட்டு உப்புத்தண்ணிய மட்டும் பாத்திப் பக்கமே விடாதீங்க, வாழை கருகிடும்.

ஏற்கனவே செப்டிக் டேங்க் இருந்தா அதோட குழாய் வாய்க்கால்ல விழுதான்னு பாருங்க. மூணு வருஷத்துக்கு ஒருக்கா லாரி வச்சு உறிஞ்சணும், எந்தக் காரணத்துக்கும் ஆள உள்ள எறக்காதீங்க, விஷவாயு நொடியில ஆளக் கொன்னுரும், மனுசங்க கையால மலம் அள்ளுறதத் தடுக்குற 2013 சட்டப்படி அது குற்றமும்கூட.

இன்னொன்னு, எக்கோசான் ஒசரத்துல இருக்கறதால படி ஏறணும். படிய தாழ்வா வச்சு கைப்பிடி கட்டாயம் போடுங்க, இல்லன்னா முட்டி வலியோட இருக்குற அம்மா ஆயாவெல்லாம் திரும்ப சவுக்குத் தோப்புக்கே போயிருவாங்க.