மோரே எழுத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பது எப்படி

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா பாசோவின் மோசி மக்கள் பேசும் மொழி மோரே. ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் பிரெஞ்சுப் பழக்கத்தில் படித்தால் சொல் உருமாறிவிடும். தலைநகரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வரைபடங்கள் அதை உவாகாடூகூ என்று நீட்டுகின்றன. மோரேயில் டபிள்யூ, ஏ, ஓ, ஜி, டி, ஜி, ஓ என்று ஏழே எழுத்து. வகர ஒலிக்கு டபிள்யூ ஒன்றே போதும். ஜிக்கும் டிக்கும் நடுவே உயிர் எழுதுவதில்லை. ஒட்டிச் சொல்ல வேண்டும். சி, ஜே, க்யூ, எக்ஸ் ஆகிய நான்கும் இந்த அகரவரிசையில் கிடையாது. பனுவலில் தென்பட்டால் அது பெரும்பாலும் பிரெஞ்சுப் பெயராக இருக்கும்.

முதலில் நெடிலைப் பழகுங்கள். உயிரெழுத்து இரட்டித்திருந்தால் நெடில், ஒற்றையாக இருந்தால் குறில். நாய் என்பதற்கான ‘பாக’ என்ற சொல்லில் ஏ இருமுறை வரும். குறில், நெடில் வேறுபாடு தமிழருக்குப் பிறவிச் சொத்து. இங்கே அது அப்படியே கைகொடுக்கும்.

அடுத்தது மூக்குயிர். அ, எ, இ, ஒ, உ ஒலிகளுக்கான எழுத்துகளின் தலையில் அலைக்கோடு இருந்தால் காற்று மூக்கு வழியாகவும் போக வேண்டும். பேச்சுத் தமிழில் ‘மரம்’, ‘வந்தான்’ என்பவற்றின் கடைசி ஒலியைக் கவனியுங்கள்: உதடு மூடாது, நாக்கு எங்கும் தொடாது, உயிர் மட்டும் மூக்கில் ஒலிக்கும். வேண்டியது அதுதான். நெடில் மூக்குயிராக இருந்தால் முதல் எழுத்தில் மட்டும் கோடு போடுவார்கள். மூன்று என்பதற்கான ‘தாபொ’ அப்படிப்பட்டது. இரண்டாவது ஏ வெறுமையாக இருக்கிறதே என்று பாதியில் மூக்கொலியை விடக்கூடாது. ‘தாம்பொ’ என்று மகரமெய்யை நுழைப்பதும் தவறு. ஒய் எழுத்துக்குப் பின் மூக்குயிர் வந்தால் யகரம் ஞகரமாக ஒலிக்கும்.

கடினம் இரண்டு சிறப்பெழுத்துகளில்தான். புள்ளியில்லாமல் அடியில் வலப்பக்கம் வளைந்த ஐ ஒன்று. அடி உருண்டு, நுனி சற்றே வளைந்த வி மற்றொன்று. முன்னது இகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டது, பின்னது உகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்டது. இகரத்தைச் சொல்லிக்கொண்டே நாக்கின் அடிப்பகுதியைத் தளர்த்திப் பின்னுக்கு விடுங்கள், அந்த ஒலி வரும். திருப்பிப் போட்ட 3 போன்ற எழுத்து, வாயை அகலத் திறந்த எகரம்.

மெய்யெழுத்துகளில் p-b, t-d, k-g இணைகள் கண்டிப்பாகப் பிரியும். தமிழில் ‘கம்பம்’, ‘பந்தல்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் நடுவே வரும் அதிரொலியைச் சொல்லின் தொடக்கத்திலும் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன ‘பாக’வின் முதல் ஒலியே அப்படித்தான். டகரத்தின் நாமடிப்பு எங்கும் வேண்டாம்.

சுரத்தை எழுத்து காட்டாது. ‘ஸாக’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் மழையும் உண்டு, துடைப்பமும் உண்டு. ஏற்ற இறக்கம்தான் இரண்டையும் பிரிக்கிறது. ஆகவே புதுச்சொல்லை ஏட்டில் மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள்; ஒலிப்பதிவோடு சேர்த்துப் படியுங்கள்.

அகராதியில் தேடும்போது ஈற்றில் ஏமாறுவீர்கள். தொடரின் நடுவே பெயரின் கடைசி உயிர் விழும்: வீடு என்ற ‘ரோகொ’, ‘ரோக்’ ஆகிவிடும். பன்மையிலும் ஈறு மாறும்: ‘பாக’ ஒருமை, ‘பாஸெ’ பன்மை. அடிச்சொல்லைப் பிடித்துத் தேடுங்கள்.

தட்டச்சில் வரும் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. வளைந்த ஐக்கு யூனிகோட் எண் 0269, அதன் பெரிய வடிவத்துக்கு 0196. வேர்டில் எண்ணைத் தட்டியதும் ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து வரும். துருக்கியின் புள்ளியற்ற ஐ (0131), கிரேக்க அயோட்டா இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். போட்டுவிட்டால் தேடலில் சொல் அகப்படாது. அலைக்கோட்டையும் இரு வழியில் இடலாம்: சேர்ந்தே இருக்கும் எழுத்து, அல்லது வெற்றெழுத்தின் பின் 0303. ஒரே கோப்பில் இரண்டையும் கலந்தால் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து நிற்கும். தொடங்கும்போதே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய கோப்பாக இருந்தால் யூனிகோட் இயல்பாக்கம் (இரு வழியில் இட்டதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) செய்த பிறகு தேடுங்கள்.