கெட்டிமேளத்தில் இடம் மாறிய கொம்பு

தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நானே கணினியில் வடிவமைத்து, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். மாதிரிப் பிரதியைப் பார்த்ததும் பதறிவிட்டேன். ‘கெட்டிமேளம்’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. குலதெய்வத்தின் பெயரும் உடைந்திருந்தது. அம்மா கண்ணில் பட்டிருந்தால் அழுதே இருப்பார்.

நான் அனுப்பியது மூலக் கோப்பு. அவர்கள் கணினியில் என் எழுத்துரு இல்லை, அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கவும் தெரியவில்லை. அன்றிரவே எழுத்துகளை எல்லாம் அவுட்லைனாக மாற்றி பிடிஎஃப் ஆக அனுப்பினேன். அப்படிச் செய்தால் எழுத்து வெறும் படமாகிவிடும், எந்தக் கணினியிலும் குலையாது. ஆனால் அப்புறம் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டேன்.

கையோடு நிறத்தையும் திரைக்கான ஆர்ஜிபி முறையிலிருந்து அச்சு மைக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றினேன். திரையில் ஜொலித்த ஆரஞ்சு அச்சில் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், அதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணியை நீட்டினேன்.

தாள் 260 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 260 கிராம்) ஆர்ட் கார்டு. “லேமினேஷன் போடவா தம்பி?” என்று அச்சக அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். பளபளப்பான பிளாஸ்டிக் மேல் மஞ்சள் ஒட்டாது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாத பத்திரிகையை அம்மா யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

இரண்டாவது மாதிரியை அம்மாவே வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். அதன் பிறகுதான் 500 பிரதிக்குச் சரி சொன்னேன்.