பழைய சொகுசு எஸ்யூவியும் புதுசும்: ஸ்டீயரிங்கை ஓட்டிப் பார்த்து எடைபோடுவது எப்படி

பதினைந்து வருஷப் பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ் 5 ஒன்றையும் இப்போது ஷோரூமில் நிற்கிற எக்ஸ் 5-ஐயும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தவரிடம் கேளுங்கள், முதலில் ஸ்டீயரிங்கைப் பற்றித்தான் பேசுவார். பழையது கனம், புதுசு லேசு என்பார். அது பாதி விஷயம்தான். திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்பது ஒன்று, திருப்பும்போது ரோடு கையில் தெரிகிறதா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் எந்த வண்டியை எடுப்பது, எடுத்ததை எப்படி ஓட்டுவது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். திருநெல்வேலியைச் சுற்றி உள்ள ரோடுகளே இதற்குப் போதும்.

பழைய வண்டிகளில் இருப்பது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். இன்ஜின் பெல்ட்டில் ஒரு பம்பு ஓடும், அது ஆயிலை அழுத்தி, முன்சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டான ராக்குக்கு அனுப்பும், நீங்கள் திருப்பும் பக்கம் அந்த அழுத்தம் உதவி செய்யும். டயருக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இருப்பதெல்லாம் இரும்பும் ஆயிலும்தான் என்பதால் டயர் படுகிற பாடு ஓரளவு திரும்பி மேலே வரும். புது வண்டிகளில் பம்பும் இல்லை, ஆயிலும் இல்லை. ராக்கிலேயே ஒரு மின் மோட்டார் இருக்கும், நீங்கள் எவ்வளவு முறுக்குகிறீர்கள் என்று ஒரு சென்சார் சொல்லும், எவ்வளவு உதவ வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். தேவையில்லாத அதிர்வு என்று அது நினைப்பதை வடிகட்டியும் விடும். எரிபொருள் மிச்சம், தானாக பார்க்கிங் செய்வது, ஓடும்போது வண்டியை லேனுக்குள்ளேயே வைத்திருப்பது எல்லாம் இந்த மோட்டாரால்தான் சுலபமாயின. அதனால்தான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மாறின.

மாறிய வருஷம் தெரிந்திருப்பது முக்கியம். மெர்சிடிஸ் எம்எல் 2011-ல் வந்த தலைமுறையிலும், ரேஞ்ச் ரோவர் 2012-லும், எக்ஸ் 5 2013-லும், ஆடி க்யூ7 2015-லும், போர்ஷே கேயன் 2017-லும் மின் ஸ்டீயரிங்குக்குப் போயின. டொயோட்டா லேண்ட் குரூஸர் 200 மட்டும் 2021-ல் நிற்கும்வரை ஹைட்ராலிக்கிலேயே ஓடியது. இவை உலகச் சந்தைக்கு வந்த வருஷங்கள், இங்கே சில மாடல்கள் தாமதமாக இறங்கின, அதனால் ஆர்சி புத்தகத்தில் உள்ள வருஷத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் எந்தத் தலைமுறை வண்டி என்று பாருங்கள். பானட்டைத் திறந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருக்கிறதா இல்லையா என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும்.

பழசு என்றாலே ரோடு கையில் தெரியும் என்றும் நினைத்துவிட வேண்டாம். லேண்ட் குரூஸர் காட்டு வழிக்குச் செய்த வண்டி, கல்லில் ஏறும்போது ஸ்டீயரிங் கையை உதைக்கக் கூடாது என்றே மந்தமாக வைத்திருப்பார்கள். 2002 முதல் 2012 வரை வந்த ரேஞ்ச் ரோவரும் மிருதுவான ரகம்தான். என் கணக்கில் பழைய சொகுசு எஸ்யூவிகளில் கையோடு நன்றாகப் பேசுவது முதல் இரண்டு தலைமுறை கேயன், அதற்கு அடுத்து 2013-க்கு முந்தைய எக்ஸ் 5. அந்த எக்ஸ் 5-லும் ஆக்டிவ் ஸ்டீயரிங் என்ற ஆப்ஷன் போட்டவை உண்டு. வேகத்துக்கு ஏற்ப ஸ்டீயரிங் விகிதம், அதாவது கை திருப்பும் அளவுக்குச் சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்பது, மாறும், சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அது இல்லாத வண்டிதான் பிடிக்கும்.

ஓட்டிப் பார்க்கும் முன் இரண்டு வண்டியையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இதைப் பலர் செய்வதே இல்லை. டயர் காற்றை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் சூடாகும் முன் வையுங்கள். பழைய வண்டியில் முந்தைய ஓனர் பெரிய ரிம் மாட்டியிருக்கிறாரா, டயர் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட்டா சாதாரணமா என்று பாருங்கள், ரன்ஃபிளாட்டின் பக்கச்சுவர் முரடு என்பதால் ஸ்டீயரிங் வேறு மாதிரி இருக்கும். புது வண்டியில் லேன் உதவியை அணைத்துவிட்டு, மோடை கம்ஃபர்ட்டில் வையுங்கள். லேன் உதவி உயிரோடு இருந்தால் மோட்டார் இடையிடையே தானாகத் திருப்பும், அதையே ரோடு என்று நினைத்துவிடுவீர்கள்.

முதல் சோதனை நின்ற இடத்திலேயே. இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை நிதானமாக ஒடித்துத் திருப்புங்கள். ஹைட்ராலிக் வண்டியில் சத்தத்தைக் கவனியுங்கள். முனகல் கேட்டால் ஆயில் குறைவு அல்லது பம்பு தேய்மானம். கடைசிவரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், பம்பும் ஆயிலும் சூடேறும். எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று பெரும்பாலும் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், வேறு ரகத்தை ஊற்றினால் சீல் போகும், அப்புறம் ராக் முழுவதும் செலவு. சுற்றையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழசில் மூன்றும் அதற்கு மேலும் வரும், பல புது வண்டிகளில் அதைவிடக் குறைவு.

இரண்டாவது சோதனைக்கு டவுன் ரதவீதி. நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி, ஆட்டோவும் பைக்கும் மாடும் நடுவில் ஒரு எஸ்யூவியைத் திருப்பும்போது புது வண்டி ஜெயித்துவிடும், இதில் சந்தேகமே இல்லை. இரண்டாம் தலைமுறை க்யூ7-ல் பின்சக்கரமும் திரும்பும் ஆப்ஷன் உண்டு, குறைந்த வேகத்தில் முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் 5 டிகிரி வரை போகும். 2022-ல் வந்த ரேஞ்ச் ரோவரில் அது 7 டிகிரிக்கும் மேல், அவ்வளவு பெரிய வண்டி 11 மீட்டருக்குள் வட்டமடிக்கும். தோள்வலி இருக்கிறவர், தினமும் டவுனுக்குள் போய் வருகிறவர் இதை முதல் காரணமாகவே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், காற்று. வைகாசி கடைசியிலிருந்து ஆவணிவரை என்எச் 44-ல் நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று வண்டியின் வலது விலாவில் அடிக்கும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. எஸ்யூவி உயரம் என்பதால் அந்தத் தள்ளு நன்றாகவே தெரியும். 80-ல் நிதானமாகப் போங்கள், ஸ்டீயரிங்கை இறுக்காமல் விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கேயனில் காற்று அடிக்கிற நொடியே ஸ்டீயரிங் கையில் ஒரு பக்கமாக அழுத்தும், நீங்கள் யோசிக்கும் முன்பே கை அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தாங்கிவிடும், லாரியைத் தாண்டும்போது அதன் மறைவில் காற்று நின்றதும் அந்த அழுத்தம் சட்டென்று விடும். புது வண்டியில் கையில் இவ்வளவு வராது. வண்டி லேன் கோட்டை நோக்கி நகர்வது கண்ணுக்குத்தான் முதலில் தெரியும், அதன்பிறகே திருத்துவீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பல மின் ஸ்டீயரிங்குகளில், வண்டி தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்தால் கம்ப்யூட்டர் அதைக் கற்றுக்கொண்டு தானே எதிர்ப்பக்கம் தாங்கும். நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டு வண்டி இழுத்தாலும் அதையும் சேர்த்தே மறைத்துவிடும். ஹைட்ராலிக் வண்டி "இழுக்குது" என்று கை சொல்லும், உடனே கடையில் விடுவோம். புது வண்டியில் முன் டயரின் உள்பக்கம் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் தெரியவரும். அதனால் புது வண்டி வைத்திருப்பவர் இழுப்புக்காகக் காத்திருக்காமல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மெஷினில் வைத்து அளந்துவிடுங்கள், டயரின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அலைன்மென்ட் செய்தபின் ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரிசெய்துதான் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

நான்காவது மலை. செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு போதும். சாரல் நேரத்தில் அந்த ரோடு ஈரமாகவே கிடக்கும், லாரி வரத்தும் அதிகம், ஆகவே வேகம் காட்டுகிற இடம் இல்லை. நிதானமாகப் போகும்போதே வித்தியாசம் தெரியும். முன் டயர் ரோட்டில் உள்ள பிடியை முழுவதும் இழப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் அந்த விசை குறைய ஆரம்பிக்கும். ஹைட்ராலிக்கில் அது கையில் லேசாவதாகத் தெரியும், கால் தானாக எடுத்துவிடும். மின் ஸ்டீயரிங்கில் அது மங்கலாகத்தான் வரும். ஸ்போர்ட் மோடில் போட்டால் தெரியுமே என்று சொல்வார்கள். ஸ்போர்ட் மோடு மோட்டாரின் உதவியைக் குறைத்துக் கனத்தைக் கூட்டும், அவ்வளவுதான், ரோட்டைப் பற்றிய செய்தி அதில் கூடுவதில்லை. ஆரம்ப கால மின் ஸ்டீயரிங்குகளில், குறிப்பாக 2013-ல் வந்த எக்ஸ் 5-ல், இது ரொம்பவே குறை. மூன்றாம் தலைமுறை கேயனில் நன்றாக முன்னேறியிருக்கிறது, மின் ஸ்டீயரிங் என்றாலே உயிரில்லை என்று இப்போது சொல்ல முடியாது.

பழைய வண்டியில் தேய்மானத்தை "ரோடு ஃபீல்" என்று விற்றுவிடுவார்கள், கவனம். "அண்ணாச்சி, பழைய வண்டின்னா இப்படித்தான் கொஞ்சம் ஆடும்" என்று புரோக்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்ல ஹைட்ராலிக் ஆடாது, பேசும். நேர் ரோட்டில் அடிக்கடி திருத்த வேண்டியிருந்தால், நடுவில் ஸ்டீயரிங்கை ஒரு விரலளவு அசைத்தும் டயர் அசையவில்லை என்றால் அது ப்ளே, அதாவது தேய்மானத்தால் வந்த தளர்வு. முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டக் டக் என்றால் டை ராட் என்ட் அல்லது ராக், மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க்கையும் முன் ஆர்ம் புஷ்ஷையும் பாருங்கள். இவற்றை மாற்றிவிட்டு ஓட்டினால்தான் அந்த வண்டியின் உண்மையான ஸ்டீயரிங் எது என்று தெரியும்.

பழசிலிருந்து புதுசுக்கு மாறுகிறவர்கள் முதல் சில வாரம் கையைக் குறைவாகத் திருப்பப் பழக வேண்டும், விகிதம் வேகமானது என்பதால் பழைய பழக்கத்தில் திருப்பினால் வண்டி தேவைக்கு மேல் உள்ளே போகும். கை சொல்லாததை சீட்டும் காதும் கண்ணும் சொல்லும். கடலோர உவரிப் பக்கம் ரோட்டோரம் படிந்த மணலில் டயர் ஏறும்போது சத்தம் மாறுவதைக் கேளுங்கள், பார்வையைப் பானட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தூரத்தில் வையுங்கள். ஈரமான மலை ரோட்டில் பழைய வண்டியில் போன வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே போங்கள்.

எதை எடுப்பது என்றால், வருஷத்துக்குப் பெரும்பகுதி டவுனுக்குள்ளும் நாலுவழிச் சாலையிலும்தான் என்றால் புதுசு. மலையும் கிராமத்து ரோடும் பிடிக்கும், நம்பிக்கையான மெக்கானிக்கும் இருக்கிறார் என்றால் நன்றாகப் பராமரித்த பழைய கேயன். நடுவில் மின் ஸ்டீயரிங் உள்ள செகண்ட் ஹேண்ட் வண்டி எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த மோட்டாரும் கம்ப்யூட்டரும் ராக்கோடு சேர்ந்து வண்டியின் அடியில் தாழ்வாக இருப்பவை, தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் ராக்கையே முழுதாக மாற்றச் சொல்வார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையெங்கும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பது நமக்குத் தெரியும், 2018 ஆகஸ்டில் கேரளாவிலும் அப்படித்தான். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள், மிதியடிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கோளாறுப் பதிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேளுங்கள். இதில் ஏதாவது ஒன்றுக்கு விற்பவர் தயங்கினாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.