கடைசிப் புத்தகத்தை முதலில் வாங்குகிறவர்கள்

"பிசினஸ் ஸ்ட்ராட்டஜி கத்துக்க நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தால், பலருக்கும் உள்ளே ஓடுவது வேறு கேள்வி என்று தெரியும். கல்லூரியில் எந்த மேஜர், அதாவது எந்த முதன்மைப் பாடம், எடுப்பது? ஸ்ட்ராட்டஜி (ஒரு கம்பெனி போட்டியில் ஜெயிக்க வகுக்கும் வழி) புத்தகம் பிடித்துப் போனால் பிசினஸ் மேஜர், பிடிக்காவிட்டால் வேறு ஏதாவது என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் போட்டேன், அந்தக் கணக்கு தப்பு.

ஏன் என்றால், பெரும்பாலான பிசினஸ் பட்டப் படிப்புகளில் ஸ்ட்ராட்டஜி கடைசி ஆண்டுப் பாடம். அக்கவுண்டிங், பொருளாதாரம், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் எல்லாம் முடித்த பிறகு அவற்றைச் சேர்த்துக் கட்டுவதற்காக வைத்திருப்பது. பாடநூல் எழுதுகிறவரும் அதை நம்பித்தான் எழுதுகிறார்; நீங்கள் ஒரு பேலன்ஸ் ஷீட்டை (கம்பெனியின் சொத்து, கடன் கணக்கை) படிப்பீர்கள், நிலையான செலவுக்கும் மாறும் செலவுக்கும் வித்தியாசம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் முதல் அத்தியாயமே தொடங்கும். இது தெரியாமல் நேராக அதில் குதித்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. கதைகள் புரியும், கதைக்கு அடியில் ஓடும் கணக்கு புரியாது.

ஒன்றே ஒன்று பார்க்கலாம். ஒரு கம்பெனிக்கு விற்பனையில் 4 சதவீதம்தான் லாபம், இன்னொன்றுக்கு 20 சதவீதம். எது நல்ல தொழில் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டுவோம். ஆனால் முதல் கம்பெனி போட்ட பணத்தை வருடத்துக்கு 10 தடவை சுழற்றுகிறது, அதாவது போட்ட பணத்தைப் போல 10 மடங்குக்கு விற்கிறது; இரண்டாவது ஒரே தடவை. இப்போது இரண்டையும் பெருக்கி, போட்ட பணத்துக்கு வரும் லாபத்தைப் பார்த்தால் முதலாவதுக்கு 40 சதவீதம், இரண்டாவதுக்கு 20. குறைந்த விலையில் விற்று ஜெயிப்பது, தனித்தன்மைக்காகக் கூடுதல் விலை வாங்குவது என்று பாடநூல் இரண்டு வழிகளை அருகருகே நிறுத்தும்போது அதற்குள் இருப்பது பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான். அக்கவுண்டிங் படித்தவர் அதை ஒரு பார்வையில் பார்த்துவிடுவார். மற்றவர்கள் இரண்டு தலைப்புகளை மனப்பாடம் செய்வார்கள்.

அடுத்த தப்பு, கட்டம் நிரப்புவது. ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டரின் ஐந்து விசைகள் 1979-ல் ஒரு கட்டுரையாக வந்து, 1980-ல் புத்தகமாக விரிந்தது. இன்று அதைத் தொடாத ஸ்ட்ராட்டஜி பாடநூலைப் பார்ப்பது கஷ்டம். ஏற்கெனவே இருக்கும் போட்டி, புதிதாக நுழைகிறவர்கள், மாற்றுப் பொருள்கள், வாங்குகிறவரின் பேரம், சப்ளையரின் பேரம். மாணவர்கள் ஐந்து கட்டம் போட்டு 'அதிகம்', 'நடுத்தரம்', 'குறைவு' என்று நிரப்பிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் அப்படி நிரப்பிக் கொடுத்த தாளின் ஓரத்தில் பேராசிரியர் எழுதியது இரண்டே வார்த்தை: "அதனால் என்ன?" அப்போது கோபம் வந்தது. அவர் கேட்டது சரி என்று புரிய ஒரு செமஸ்டர் ஆயிற்று.

அந்த ஐந்தும் சேர்ந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான், இந்தத் தொழிலில் உண்டாகும் லாபம் கடைசியில் யார் பைக்குப் போகிறது. விமானப் போக்குவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பயணிகள் விமானம் வேண்டுமென்றால் பெரும்பாலும் போயிங், இல்லாவிட்டால் ஏர்பஸ், அதனால் விற்கிறவர் கை ஓங்கியிருக்கிறது. டிக்கெட் வாங்குகிறவரோ விலையை ஒரே திரையில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறார். காலியாகப் பறந்த இருக்கையை மறுநாள் விற்க முடியாது, ஆகவே கடைசி நேரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் ஆசை எல்லா நிறுவனத்துக்கும் வரும். இந்த மூன்றையும் கோத்துப் பார்த்தால் இவ்வளவு கூட்டமாகப் பறக்கும் தொழிலில் லாபம் ஏன் நிற்பதில்லை என்று விளங்கும். 'அதிகம்' என்று எழுதிய கட்டம் இதைச் சொல்லாது.

வெற்றிக் கதைப் புத்தகங்களைப் பாடநூலாக எடுத்துக்கொள்வது இன்னொரு தப்பு. இதில் விழாதவர் குறைவு, படிக்கச் சுகமாக இருக்கும். ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' 2001-ல் வந்தது, நன்றாக இருந்து அபாரமாக உயர்ந்தவை என்று 11 நிறுவனங்களை அது காட்டியது. அதில் ஒன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது, இன்னொன்றான சர்க்யூட் சிட்டி என்ற எலக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் திவால் மனு கொடுத்து அடுத்த ஆண்டு கடைகளை மூடியது. அந்தப் புத்தகம் வீண் என்று சொல்லவரவில்லை. ஜெயித்தவர்களை முதலில் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர்களிடம் என்ன குணம் இருந்தது என்று பின்னோக்கித் தேடினால், அதே குணத்தோடு தோற்றவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். புள்ளியியல் பாடம் முதலில் வருவது இந்த இடத்துக்காகத்தான் என்பது என் எண்ணம்.

கேஸ் ஸ்டடிகளிலும், அதாவது பாடத்துக்கு எடுக்கும் நிஜக் கம்பெனிக் கதைகளிலும், ஒரே விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஹோண்டா அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்ற கதைதான் இதற்குப் பேர்போனது. 1975-ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, பெரிய அளவு உற்பத்தி, அதனால் குறைந்த செலவு, அதை வைத்துத் திட்டமிட்டுச் சந்தையைப் பிடித்தல் என்று கச்சிதமாக விளக்கியது. பிறகு மேலாண்மை ஆய்வாளர் ரிச்சர்ட் பாஸ்கேல் அந்த ஹோண்டா ஆட்களையே நேரில் பார்த்துப் பேசி 1984-ல் எழுதியது வேறு மாதிரி இருந்தது. 1959-ல் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியவர்கள் பெரிய வண்டிகளைத்தான் விற்க நினைத்தார்களாம். நீண்ட தூரம் வேகமாக ஓட்டியதில் அவற்றில் எண்ணெய் ஒழுகியது, கிளட்ச் போயிற்று. தங்கள் சொந்த வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி சின்ன வண்டியைத் தெருவில் பார்த்தவர்கள்தான் விசாரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டையும் படித்துவிட்டு எது உண்மை என்று சண்டை போடலாம். இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றை மட்டும் படித்தவருக்கு அந்தச் சண்டையே கிடையாது.

பதிப்பு விஷயம் சின்னது. தானாகப் படிப்பவருக்குப் பழைய பதிப்பு போதும், அடிப்படைக் கருத்து அத்தியாயங்கள் பதிப்புக்குப் பதிப்பு அவ்வளவாக மாறாது. மாறுவது கேஸ்கள்தான், ஆகவே வகுப்பில் குறிப்பிட்ட கேஸ் நடத்தினால் மட்டும் அவர்கள் சொன்ன பதிப்பை வாங்குங்கள்.

இனி மேஜர். 'ஸ்ட்ராட்டஜிதான் என் ஆசை, ஆகவே பிசினஸ் மேஜர் எடுத்தே ஆகவேண்டும்' என்பவர்கள் இந்தத் துறையைக் கட்டியவர்கள் இளநிலையில் என்ன படித்தார்கள் என்று பார்க்கட்டும். போர்ட்டர் பிரின்ஸ்டனில் படித்தது விண்வெளி, இயந்திரப் பொறியியல். ரிச்சர்ட் ரூமெல்ட் மின்பொறியியல். ஹென்றி மின்ட்ஸ்பெர்க்கும், பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பை நிறுவிய ப்ரூஸ் ஹென்டர்சனும் இயந்திரப் பொறியியல். ஸ்ட்ராட்டஜியும் நிறுவன அமைப்பும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்று 1962-ல் எழுதிய ஆல்ஃபிரட் சாண்ட்லர் வரலாற்று ஆசிரியர். இதைக் கேட்டு உடனே பொறியியலுக்கு ஓடவேண்டாம், அதுவும் ஜெயித்தவர்களைப் பொறுக்கி எடுத்துப் பார்க்கும் அதே தப்புதான். இந்த வேலைக்கு வர ஒரே ஒரு கதவுதான் என்று கிடையாது என்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது? முதலாண்டுப் புத்தகங்களை வைத்து. மனதில் இருக்கும் இரண்டு மூன்று மேஜர்களின் முதல் செமஸ்டர் பாடநூல்களை நூலகத்தில் எடுங்கள், முன்னுரையை விடுங்கள், மூன்றாவது நான்காவது அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் பயிற்சிக் கணக்குகளுக்குப் போங்கள். பத்துக் கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் நீங்கள் உட்காரப்போவது அந்தப் பயிற்சிகளோடுதான். கூடவே, பிடித்த கடைசி ஆண்டுப் பாடத்துக்கு முன்னால் எவையெல்லாம் முடித்திருக்கவேண்டும் என்று பாடத்திட்டத்தில் பாருங்கள், அந்த வரிசையில் ஒரு புள்ளியியலோ கால்குலஸோ ஒளிந்திருக்கும்.

நான் பொருளாதாரப் புத்தகத்தில் ஏழாவது கணக்கில் கொட்டாவி விட்டேன். அக்கவுண்டிங்கில், இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒத்துவராத ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை விடாமல் உட்கார்ந்திருந்தேன், தேய்மானத்தை இரண்டு தடவை கழித்திருந்தேன்.