குடும்ப நல கோர்ட் தீர்ப்பை எதிர்த்து அப்பீல், ஸ்டே: எங்கே தொடங்குவது?

"அப்பீல் போட்டாச்சு, இனி ஜீவனாம்சம் கட்ட வேண்டாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்பீல் போட்டதாலேயே கீழ்க்கோர்ட் உத்தரவு நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 5 இதை நேரடியாகவே சொல்கிறது. அந்த உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் ஸ்டேக்குத் தனி மனு போட்டு, தனி உத்தரவு வாங்க வேண்டும். கீழே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை.

முதல் வேலை நகல் மனு. தீர்ப்பு சொன்ன அன்றோ மறுநாளோ சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிடுங்கள். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் (1984) பிரிவு 19-இன்படி அப்பீலுக்கு 30 நாள்தான். இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் இருக்கிறதே என்பீர்கள், எது பொருந்தும் என்ற சண்டை நமக்கு எதற்கு, 30-க்குள் முடித்துவிடுங்கள். கையில் வரும் நகலில் மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி எல்லாம் இருக்கும். மனு போட்டதிலிருந்து தயாரானது வரை ஆன நாட்கள் கெடுவில் சேராது, ஆனால் தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காமல் விட்ட நாட்கள் உங்கள் கணக்குதான்.

அடுத்து, எங்கே போவது? குடும்ப நல கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு (தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை). குடும்ப நல கோர்ட் இல்லாத இடத்தில் சப் கோர்ட் தந்த தீர்ப்பு என்றால் மாவட்ட கோர்ட். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டம் 144-இல் வந்த ஜீவனாம்சத்துக்கு அப்பீல் கிடையாது, உத்தரவு சட்டப்படி சரியா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுதான். வழக்கு நடக்கும்போதே வரும் இடைக்கால உத்தரவுக்கும் பிரிவு 19-இல் அப்பீல் இல்லை. சம்மதத்தோடு வாங்கிய தீர்ப்பா? அதற்கும் இல்லை.

இப்போது ஸ்டே மனு. இதோடு சேரும் பிரமாணப் பத்திரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "மிகுந்த பாதிப்பு ஏற்படும்" என்று ஒரு வரி எழுதி எந்தப் பயனும் இல்லை. ஸ்டே இல்லாவிட்டால் என்ன பெரிய இழப்பு, தாமதிக்காமல் வந்தீர்களா, என்ன பிணை (உத்தரவாதம்) தருவீர்கள், இந்த மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். பண விவகாரத்தில் நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் ஸ்டே தருவார்கள், அதனால் எவ்வளவு கட்ட முடியும் என்பதைச் சம்பளச் சீட்டோடு முடிவு செய்துகொண்டு போங்கள். குழந்தையை ஒப்படைக்கும் வழக்கில் பள்ளி, பரீட்சைத் தேதி, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை எழுதுங்கள், எதிர்த்தரப்பைத் திட்டுவதற்கு அது இடமல்ல. நாளைக்கே ஒப்படைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், காலையில் அவசரத்தைச் சொல்லி மதியம் எடுக்கக் கேட்கும் 'லஞ்ச் மோஷன்' பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அப்பீல் கெடு முடியும் முன், தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே குறுகிய கால ஸ்டே கேட்கவும் வழி இருக்கிறது.

ஸ்டே கிடைத்ததும் உத்தரவை வரி வரியாகப் படியுங்கள். எந்தத் தேதி வரை, என்ன நிபந்தனை? சொன்ன தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் ஸ்டேயும் போய்விடும் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். நகலைக் கீழ்க்கோர்ட்டிலும் தாக்கல் செய்யுங்கள், இல்லாவிட்டால் அங்கே தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு ஓடிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் ஜெயித்த தரப்பா? அப்படியென்றால் உடனே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும், அதற்குள் எதிர்த்தரப்பு ஸ்டே கேட்டு வந்தால் உங்களுக்கு நோட்டீஸ் வந்தாக வேண்டும்.