வீட்டுப் பட்டறைல புல்லட் பிளாக் போர் போடுறவங்க பண்ற தப்புகள் (நான் பண்ணதும் சேர்த்து)

போன மாசம் ஒரு தம்பி பழைய புல்லட் 350 பிளாக்க (பிஸ்டன் ஓடுற சிலிண்டர) சாக்குல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தான். புதுசா போர் போட்டது (தேஞ்ச சிலிண்டர் ஓட்டைய அடுத்த சைஸ்க்கு கடைஞ்சது), ஹோன் அடிச்சது (உள்சுவர கல்லால தேச்சு முடிச்சது), பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, ஓட்டுனது மொத்தமே 600 கிலோமீட்டர்தானாம், அதுக்குள்ள சைலன்சர்ல நீலப்புகை, ஆயில் வேற மளமளன்னு குடிக்குது. பிளாக்குக்குள்ள விரல விட்டுத் தடவிப் பாத்தேன். "ஹோன் அடிச்சதும் எதுல கழுவுனே?" இவ்ளோதான் கேட்டேன். "நல்லா ரெண்டு தடவ பெட்ரோல் ஊத்திக் கழுவுனேன்ணா"ன்னான். சிரிப்பு பாதி எரிச்சல் பாதியா வந்துச்சு, ஏன்னா இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே பதில இதே பெருமையோட நான் ஒரு பெரியவர்கிட்ட சொல்லி வாங்கிக் கட்டியிருக்கேன்.

அதனாலதான் இத எழுதுறேன். மைக்ரோமீட்டர் வேணும், வெர்னியர வச்சு போர் அளக்காதீங்க, கண்ணாடி போட்டுக்கோங்க, இதெல்லாம் இங்க வராது. அது தெரியாதவங்க பிளாக்க நேரா ஒரு நல்ல போரிங் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல. என்கிட்ட இருக்கறது மாடிப்படிக்குக் கீழ ஒரு நாலரை அடி லேத், கோயமுத்தூர்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. அத வச்சு நான் செஞ்ச வேலைலருந்துதான் சொல்றேன்.

பிஸ்டன் கைக்கு வராம டூல வைக்காதீங்க

பழைய புல்லட் 350 ஸ்டாண்டர்டு போர் 70 எம்எம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 90. அடுத்தடுத்த ஓவர்சைஸ் 0.25, 0.50ன்னு போகும். "ஐம்பது சைஸ் (0.50) போடப்போறேன், அப்ப போர் 70.50, பிஸ்டன் வர்றப்ப வரட்டும்"னு ஆரம்பிக்கறதுதான் பிரச்சனை. டப்பாமேல இருக்கற நம்பர் ஒரு பேருதான், பிஸ்டனோட அளவு இல்ல. ஒரு கம்பெனி பிஸ்டன் ஸ்கர்ட்ல (பிஸ்டனோட கீழ்ப்பகுதில) 70.42 இருக்கும், இன்னொன்னு அதுலருந்து ரெண்டு மூணு பாயிண்ட் (0.02, 0.03 எம்எம்) முன்னபின்ன இருக்கும். நான் ஒரு தடவ 70.50 சுத்தமா முடிச்சு வச்சுட்டு பிஸ்டன் வாங்குனேன், அது அளந்தா 70.36. காலைல ஸ்டார்ட் பண்ணா தச்சுப் பட்டறை மாதிரி டக் டக் டக்னு ஒரு சத்தம், தெருவே திரும்பிப் பாக்கும். வெட்டி எடுத்த இரும்ப திரும்ப ஒட்ட முடியாதுல்ல, அடுத்த சைஸ்க்குப் போகவேண்டியதாயிடுச்சு. பிளாக்கோட ஆயுசுல ஒரு சைஸ் சும்மா போச்சு.

பிஸ்டன எங்க அளக்கணும்ங்கறதும் இதுல வருது. அது உருண்டை கிடையாது, லேசா ஓவல், மேல சின்னது கீழ பெருசு. பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கு வாட்டத்துல, ஸ்கர்ட்டோட கீழ்ப்பக்கம் அளங்க. தலைல அளந்துட்டு "கேப் நெறைய இருக்கு"ன்னு போர இறுக்கமா விட்டவங்க ஜாம் ஆகி நடுரோட்டுல நின்ன கதை நெறைய கேட்டிருக்கேன். கிளியரன்ஸ், அதாவது போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல விடுற இடைவெளி, எவ்ளோன்னு பிஸ்டன் கூட வர்ற பேப்பர்ல போட்டிருக்கும். அத நம்புங்க, டீக்கடைல சொல்றத நம்பாதீங்க.

மேல் முகத்த நம்பி கட்டாதீங்க

லேத்துல போடுறப்ப நான் கிராஸ் ஸ்லைட (டூல குறுக்க நகத்துற பாகத்த) கழட்டிட்டு பிளாக்க சேடில் (லேத் மேல நெடுக்க நகர்ற பாகம்) மேல கட்டிடுவேன், வெட்டுற டூல் மாட்டுன போரிங் பார் ரெண்டு சென்டருக்கு நடுவுல சுத்தும், பிளாக் நகரும். இதுல எந்த முகத்த ஆதாரமா எடுக்கறோம்ங்கறதுதான் விஷயம். கிராங்க்கேஸ்ல உக்கார்ற கீழ் முகம் மட்டும்தான் கணக்கு. மேல் முகத்த கேஸ்கெட் லீக்குன்னு சொல்லி எத்தன மெக்கானிக் எமரி பேப்பர் போட்டுத் தேச்சிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? அத வச்சுக் கட்டுனா போர் சாய்ஞ்சிடும், பிஸ்டன் ஒரு பக்கம் மேலயும் எதிர்ப்பக்கம் கீழயும் தேய்ஞ்சு நிக்கும், கழட்டிப் பாக்கற வரைக்கும் ஏன்னே புரியாது.

அளக்கறதுக்கு பார மட்டும் கழட்டுங்க, பிளாக்க அசைக்காதீங்க. அசைச்சா மறுபடி அதே எடத்துல உக்கார வைக்க அரை நாள் ஆகும். அப்புறம் கிளாம்ப ஃபின் (பிளாக்க சுத்தி சூடு ஆற இருக்கற தகடு) மேல வச்சு முறுக்காதீங்க. வார்ப்பிரும்பு வளையாது, நேரா ஒடஞ்சு கைல வந்துடும்.

மூணு கால் ஹோன் நேராக்காது

டிரில்லிங் மெஷின்ல மாட்டுற மூணு கால் ஸ்பிரிங் ஹோன் இருக்கே, அது போர் எப்படி இருக்கோ அப்படியேதான் போகும். ஓவலா இருந்தா ஓவலாவே பளிச்சுனு ஆக்கிக் குடுக்கும். "கொஞ்சம் ஓவலா இருந்துச்சு, ஹோன்ல எடுத்துட்டேன்"னு சொல்றவங்க போர் கேஜ் (உள்விட்டம் அளக்கற கருவி) விட்டுப் பாக்காதவங்க. ஓவலும் டேப்பரும் (ஒரு முனை பெருசு ஒரு முனை சின்னதுன்னு இருக்கறது) போரிங்லதான் போகணும், இல்ல கல்லு ஃபிக்ஸ்டா நிக்கற கெட்டி ஹோன்ல போகணும். போரிங்ல கடைசி சைஸ்க்கு ஒரு 0.05 எம்எம் கம்மியா நிறுத்திக்கிட்டு, டூல் விட்ட கோடு போற வரைக்கும் மிச்சத்த ஹோன்ல எடுங்க. சுத்திக்கிட்டு இருக்கறப்பவே ஹோன வெளிய உருவாதீங்க, வாய் அகண்டு போயிடும். மண்ணெண்ணெயும் கொஞ்சம் ஆயிலும் கலந்து ஊத்திக்கிட்டே இருங்க.

சூடா இருக்கறப்ப அளக்காதீங்க

ஹோன் அடிக்கறப்ப பிளாக் வெதுவெதுன்னு ஆயிடும். 70 எம்எம் வார்ப்பிரும்பு போர் 20 டிகிரி சூடானா சுமார் 0.015 எம்எம் பெருசாகும். அந்தச் சூட்டுலயே அளந்து "ஆ, சைஸ் வந்துடுச்சு"ன்னு நிறுத்துனா ராத்திரி ஆறுனதும் அவ்ளோ சுருங்கி நிக்கும், நீங்க விட்ட கிளியரன்ஸ்லருந்து அது போயிடும். பிஸ்டன் அலுமினியம், அது இரும்பவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அத ஜன்னல் வெயில்ல வச்சிருந்து எடுத்து அளந்தா அது ஒரு தனிக் கூத்து. ரெண்டையும் ராத்திரி ஒரே பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, காலைல மொத வேலையா அளங்க.

கழுவுறது

இப்ப அந்த எரிச்சலுக்கு வர்றேன். மேல சொன்னது எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணிட்டு, காசு செலவு பண்ணி, ரெண்டு வாரம் சாயங்காலம் பூரா நின்னு வேலை பாத்துட்டு, கடைசி அரை மணி நேரத்துல எல்லாத்தையும் கெடுக்கற தப்பு இது.

ஹோன் பண்றது பிளாக்குக்குள்ள வேணும்னே கீறல் போடுறதுதான். குறுக்கும் நெடுக்கும் விழற அந்தக் கீறல்லதான் ஆயில் நிக்கும். ஆனா கல்லுலருந்து உதிர்ற தூளும் அதே கீறல்லதான் போய் உக்காரும். அந்தத் தூள் இரும்பையே அறுக்கற சாதனம். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊத்துனா என்ன ஆகுதுன்னா, கீறல்ல இருக்கற எண்ணெய் கரைஞ்சு ஓடிடுது, தூள் அங்கயே நின்னுடுது, பெட்ரோல் ஒரு நிமிஷத்துல காஞ்சுடுது, பாக்க பளபளன்னு சுத்தமா தெரியுது. அந்தப் பளபளப்புதான் ஏமாத்துறது.

அம்மி கொத்துன அன்னிக்கே யாராவது அதுல சட்னி அரைச்சு சாப்டுவாங்களா? தவிடோ நொய்யோ போட்டு அரைச்சுக் கொட்டி, தேச்சுக் கழுவி, மறுபடி அரைச்சுக் கொட்டி, அப்புறம்தானே சாப்பாட்டுக்கு அரைப்பாங்க, இல்லன்னா பல்லுல நறநறங்கும். எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்ச இந்த விஷயம் புல்லட் பிரிக்கறப்ப எனக்குத் தெரியல.

என் முதல் புல்லட்டுக்கு நானே போர் போட்டேன், பெட்ரோல்ல கழுவுனேன், மாட்டுனேன், ஓட்டுனேன். 700 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தலாம்னு எடுத்தா, வெயில்ல புடிச்சுப் பாத்தப்ப அலுமினியம் பெயின்ட் கலந்த மாதிரி மினுமினுங்குது. பிரிச்சேன். பிஸ்டன் ஸ்கர்ட் பளபளப்பு போயி எமரி பேப்பர் போட்டுத் தேச்ச மாதிரி மங்கலா இருந்துச்சு. அலுமினியம் மெத்துன்னு இருக்கறதால தூள் அதுல பதிஞ்சு உக்காந்துக்கிச்சு, அப்புறம் என் பிஸ்டனே ஒரு ஹோனாயிடுச்சு, நான் ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க அது போர அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. 0.30 எம்எம் விட்டு மாட்டுன ரிங் கேப் (ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) 0.70க்குப் போயிருந்துச்சு.

அதுக்கப்புறம் பண்ணதுதான் இன்னும் பெரிய முட்டாள்தனம். பிளாக்க மட்டும் அடுத்த சைஸ் போட்டு மாட்டிட்டேன், கீழ கிராங்க் பக்கம் பிரிக்கல. தூள் பிளாக்கோட நிக்காது, ஆயில் பம்ப் அத எடுத்து இன்ஜின் பூரா சுத்திக் காட்டியிருக்கும். பழைய புல்லட்ல பிக் எண்ட்ல (கனெக்டிங் ராட் கிராங்க்ல மாட்டுற கீழ்முனைல) பேரிங்குக்குப் பதிலா ஃபிளோட்டிங் புஷ், அதுவும் மெத்துன்னு இருக்கற உலோகம், தூள் அதுலயும் போய்ப் பதிஞ்சு கிராங்க் பின்ன அறுக்க ஆரம்பிச்சிடுச்சு. மூணு மாசத்துல கீழருந்து கொட கொடன்னு சத்தம். கிராங்க் பிரிச்சு, பின் மாத்தி, புஷ் மாத்தி, ஒரு மாசச் சம்பளம் முழுசா போச்சு. அரை மணி நேர சோப்பு வேலைக்கு.

அப்பதான் அந்தப் பெரியவர்கிட்ட போனேன். அவர் ஒண்ணும் பேசல. தோள்ல கெடந்த வெள்ளத் துண்டோட முனைல ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, நான் "சுத்தமா இருக்கு"ன்னு சொன்ன பிளாக்குக்குள்ள ஒரு சுத்து தேச்சு எடுத்துக் காட்டுனார். சிமென்ட் கலருல ஒரு பட்டை. அத வாசல்ல வெயில்ல புடிச்சார், குட்டி குட்டியா மின்னுச்சு. "இதுல சோறு தின்னுவியா?"ன்னார்.

அன்னிலருந்து இப்படித்தான் பண்றேன். பக்கெட்ல கை பொறுக்கற அளவுக்கு சுடுதண்ணி, துணி தொவைக்கற சோப்புத் தூள் தாராளமா. பாட்டில் கழுவுற நைலான் பிரஷ், கீறல் போற வாட்டத்துலயே அழுத்தித் தேய்ங்க. பெட்ரோலால முடியாதத சோப்பு நுரை செய்யும், தூள கீறல்லருந்து தூக்கி எடுத்துக்கிட்டு தண்ணியோட போயிடும். தண்ணி கருத்துடும், கொட்டிட்டு புதுத் தண்ணி, மறுபடி. மூணு பக்கெட்டாவது ஆகும். புல்லட்ல போர மட்டும் கழுவிட்டு நிறுத்தக்கூடாது, வால்வ தொறக்கற புஷ் ராட் போற குழாய் பிளாக்குலயே வார்த்திருக்கு, கீழ டாப்பெட் கவர் உள்ள அந்தச் சின்ன அறை, ஸ்டட் ஓட்டைங்க, எல்லாத்துலயும் இந்தச் சேறு போய் ஒளிஞ்சிருக்கும். பல் தேய்க்கற பழைய பிரஷ விட்டு நோண்டுங்க. (குளியலறைல வச்சுப் பண்ணாதீங்க. ஏன்னு கேக்காதீங்க, வீட்ல இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க.)

கடைசியா நல்ல சுடுதண்ணி ஊத்தி அலசுங்க, அந்தச் சூட்டுலயே காஞ்சுடும். காயறப்பவே ஆயில் ரெடியா இருக்கணும். புதுசா வெட்டுன வார்ப்பிரும்பு சும்மா வுட்டா நீங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆரஞ்சு கலர் பூத்துடும். இன்ஜின் ஆயில் தடவி, வெள்ளத் துணியால தொடைங்க. சாயம் போன பனியன் வேஸ்ட் வேண்டாம், அழுக்கு தெரியாது. முதல் துணி சாம்பலா வரும். மனசு ஒடிஞ்சு போகாதீங்க, ஆயில் மிச்சத் தூள இழுக்குது. மறுபடி ஆயில், மறுபடி துணி. ரொம்ப அடமா வந்தா மறுபடி சோப்பு. துணி வெள்ளையாவே வெளிய வர்ற வரைக்கும் பிஸ்டன் பக்கமே போகாதீங்க. இத சொன்னா "எங்க மெக்கானிக் முப்பது வருஷமா பெட்ரோல்லதான்ணா கழுவுறாரு"ங்கறாங்க. சரி, அவர் கட்டுன வண்டி எத்தன கிலோமீட்டர்ல திரும்ப வருதுன்னு கேட்டுப் பாருங்க.

கண்ணாடி ஃபினிஷ்

வேண்டாம். 220 நம்பர் ஹோன் கல்லோட நிறுத்துங்க, ரிங் உக்காரட்டும்.

ரிங் கேப்

டப்பாலருந்து எடுத்து அப்படியே மாட்டாதீங்க. போருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால நேரா தள்ளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) போட்டுப் பாருங்க. 70 எம்எம் போருக்கு 0.25லருந்து 0.30 எம்எம் வரைக்கும்.

ஆர்எக்ஸ்100, பழைய யெஸ்டி, ராஜ்தூத் வச்சிருக்கவங்களுக்கு

டூ ஸ்ட்ரோக்ல போர் போட்டதும் போர்ட் (சிலிண்டர் சுவர்ல காத்தும் புகையும் போற ஜன்னல்) ஓரமெல்லாம் பிளேடு மாதிரி நிக்கும். அத மழுக்காம மாட்டுனா ரிங் வெளிய துருத்தி அதுல மாட்டி ஒடையும், ஒடஞ்ச துண்டு போர்ல ஒரு வாய்க்கால் வெட்டிட்டுத்தான் வெளிய போகும். சின்ன அரம் இல்லன்னா எண்ணெய்க்கல்லு எடுத்து எல்லா போர்ட் ஓரத்தையும், முக்கியமா மேலயும் கீழயும், விரல் தடுக்காத அளவுக்கு மழுக்குங்க. இத கழுவுறதுக்கு முன்னாடி பண்ணுங்க.

அந்தத் தம்பி பிளாக் இப்ப என் பெஞ்சுக்கு அடில ஆயில் பூசி கவர் சுத்திக் கெடக்கு. கிராங்க்கயும் பிரிக்கச் சொன்னதுக்கு மொகம் சுருங்கிப் போயிடுச்சு, ஆனா புஷ்ஷ வெளிய எடுத்து நகத்தால சொரண்டிக் காட்டுனதும் பேசாம தலையாட்டுனான். எழுபத்தஞ்சு சைஸ் (0.75 ஓவர்சைஸ்) பிஸ்டன் ஆர்டர் போட்டிருக்கான், அடுத்த வாரம் வருமாம். வந்து நான் அளந்து பாத்ததுக்கப்புறம்தான் லேத்துல ஏத்துவேன்.