சூதாட்டத்தின் ஆபத்தை வகுப்பில் கற்பிப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

"சூதாடாதீர்கள்" என்று சொல்ல ஒரு வகுப்பு நேரம் தேவையில்லை; அரை நிமிடம் போதும். 14, 15 வயதுப் பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அறிவுரை சொன்னேன், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த கதை ஒன்றைச் சொன்னேன், கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டேன். "புரிந்தது சார்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. என்ன புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஆடித் தோற்கிறார்கள். தோற்றது ஏன் என்று தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆடும்போது உள்ளுக்குள் என்ன நடந்தது என்று பிறகு பேசுகிறார்கள். 45 நிமிட வகுப்புகள் மூன்று வேண்டும். பின்னமும் சதவீதமும் தெரிந்த மாணவர்கள் என்றால் போதும். நீங்கள் கணித ஆசிரியராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

வகுப்புக்குப் போகுமுன்

36 பேர் கொண்ட வகுப்பை வைத்துச் சொல்கிறேன். 12 பகடைகள், 900 சிறிய காகிதத் துண்டுகள், மூடியில் பிளவு வெட்டிய ஓர் அட்டைப் பெட்டி. இவ்வளவுதான் பொருள்கள். துண்டுகளை முந்தின நாளே வெட்டி, இருபது இருபதாகக் கட்டிவைத்துவிடுங்கள். வகுப்பில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினால் அன்றைய பாடம் எண்ணுவதோடு முடிந்துபோகும்.

இரண்டு விதிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். ஒன்று, காசு கூடாது, பரிசும் கூடாது. அதிகம் ஜெயித்தவருக்கு ஒரு பேனா கொடுத்தால்கூட நீங்கள் நடத்தியது சூதாட்டம்தான். இரண்டு, "இங்கே யார் பணம் வைத்து ஆடியிருக்கிறீர்கள், கை தூக்குங்கள்" என்று கேட்கக் கூடாது. சூதாட்டத்தால் வீட்டில் தினமும் சண்டை நடக்கிற பிள்ளை ஒன்றாவது எதிரே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பேசுங்கள். அப்படி ஒரு பிள்ளை உங்களிடம் வந்து நின்றால் யாரிடம் அழைத்துப் போவது என்பதையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எது சூதாட்டம்?

இதற்குப் பத்து நிமிடம் போதும். மதிப்புள்ள ஒன்றைப் பணயம் வைக்கிறோம். முடிவு முழுவதுமோ பெரும்பகுதியோ தற்செயலைப் பொறுத்தது. ஜெயித்தால் பரிசு கிடைக்கும். இந்த மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு, லாட்டரி, பணம் வைத்த சீட்டாட்டம், விளையாட்டுப் போட்டிகள் மீதான பந்தயம், சதுரங்கப் போட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மாணவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கடைசியில் வீடியோ கேம்களில் வரும் லூட் பாக்ஸைக் கொண்டுவாருங்கள். காசு கொடுத்து வாங்கித் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி அது. இங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரியட்டும். காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின்கீழ் வருகின்றன என்று 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் முடிவு செய்தது. வேறு பல நாடுகள் அப்படிக் கருதவில்லை. அரசாங்கங்களே உடன்படாத விஷயம் என்று தெரிந்ததும், அதுவரை தூங்கி வழிந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படி 2: ஆடித் தோற்பது

ஆறு பேருக்கு ஒரு மேசை. அதில் ஒருவர் மேசைக்காரர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். மற்ற ஐவரும் ஆடுபவர்கள். ஆடுபவருக்கு ஆளுக்கு 20 துண்டுகள், மேசைக்காரருக்கு 50. ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பகடைகள்.

ஆட்டம் எளிது. இரண்டு பகடைகளையும் உருட்டினால் வரும் கூட்டுத்தொகை 7-க்குக் கீழா, மேலா, சரியாக 7-ஆ என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டு வைத்துச் சொல்லவேண்டும். கீழ் அல்லது மேல் என்று சொன்னது சரியானால் வைத்த துண்டோடு இன்னொன்று கிடைக்கும். 7 என்று சொல்லி 7 விழுந்தால் வைத்ததோடு நான்கு கிடைக்கும். தவறினால் துண்டு மேசைக்காரருக்கு. மொத்தம் 30 முறை உருட்டவேண்டும்.

இந்த 30 என்ற எண்ணை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை நேரம் போதாது என்று பத்து முறையோடு நிறுத்திவிட்டேன். ஒரு மேசையில் 7 அடுத்தடுத்து விழுந்து மேசைக்காரப் பெண் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பே ஆரவாரம் செய்தது. முன்வரிசைப் பையன் ஒருவன், "சார், இது நல்ல வருமானமாக இருக்கும் போலிருக்கிறதே" என்றான். சூதாட்டத்துக்கு நான் செய்துகொடுத்த விளம்பரம் அது. ஆட்டம் சிறிதாக இருந்தால் அதிர்ஷ்டம்தான் கண்ணில் படும். நீள நீளத்தான் கணக்கு தலைகாட்டும். ஆகவே நேரம் இல்லையென்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

முப்பதும் முடிந்ததும், தொடங்கியதைவிட அதிகம் வைத்திருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஒரு சிலர்தான் இருப்பார்கள். அதிகம் ஜெயித்தவரை முன்னால் அழைத்து, எப்படி ஜெயித்தார் என்று பேசச் சொல்லுங்கள். "மூன்று முறை மேலே வந்தால் அடுத்தது கீழே என்று வைத்தேன்" என்பது போல ஏதாவது ஒரு சூத்திரம் கட்டாயம் வரும். கைதட்டுங்கள். பிறகு மற்ற எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, வகுப்பிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆட்டத்துக்கு விளம்பரம் எடுத்தால் யார் படத்தைப் போடுவார்கள்?

அடுத்து ஆறு மேசைக்காரர்களின் லாப நட்டத்தையும் பலகையில் எழுதிக் கூட்டுங்கள். ஒன்றிரண்டு மேசைக்காரர்கள் நட்டப்பட்டிருக்கலாம், கவலை வேண்டாம். 30 பேர், ஆளுக்கு 30 முறை, ஆக 900 பணயங்கள். அதில் ஏறத்தாழ 150 துண்டுகள் மேசைப் பக்கம் சேர்ந்திருக்கவேண்டும். 110 வரலாம், 190 வரலாம். இந்த 150 என்ற எண்ணை ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி மடித்துப் பலகை மேல் செருகி வைத்துவிடுங்கள். இப்போது அதை எடுத்துப் பிரித்துக் காட்டுங்கள். "உங்களுக்கு முன்பே எப்படித் தெரியும்?" என்று அவர்கள் கேட்பார்கள். அடுத்த படிக்கு நீங்கள் வேறு முன்னுரை தேட வேண்டியதில்லை.

படி 3: கணக்கைத் திறந்து காட்டுவது

பலகையில் ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். மொத்தம் 36 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரு பகடைகளின் கூட்டுத்தொகை. மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். 7-க்குக் கீழ் 15 கட்டங்கள், மேல் 15, சரியாக 7 ஆறு கட்டங்கள். "கீழ்" என்று 36 முறை ஒவ்வொரு துண்டு வைத்தால் சராசரியாக 15 முறை ஜெயிப்போம், 21 முறை தோற்போம். ஆறு துண்டுகள் போகும். 7 மீது வைத்தால் ஆறு முறை நான்கு நான்காக 24 வரும், 30 போகும். அங்கேயும் ஆறு. எதன்மேல் வைத்தாலும் ஆறில் ஒரு பங்கு மேசைக்குத்தான்.

இந்த இடத்தில் சற்று நிற்கவும். "மேசைக்காரர் ஏமாற்றினாரா?" என்று கேளுங்கள். பகடை நேர்மையானது, விதிகளை எல்லோரும் கேட்டுத்தான் ஆடினார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. பரிசின் அளவில்தான் எல்லாம் ஒளிந்திருக்கிறது. சூதாட்டம் என்றாலே மோசடி என்று நினைக்கும் பிள்ளை, நேர்மையாக நடக்கும் இடத்துக்குப் போனால் ஜெயிக்கலாம் என்றும் நினைக்கும். அந்த எண்ணத்தை உடைப்பது இந்தக் கட்டம்தான்.

பிறகு ரூலெட் சக்கரத்துக்குப் போங்கள். சுழலும் சக்கரத்தில் உருட்டிவிட்ட பந்து எந்த எண்ணுள்ள குழியில், அல்லது கறுப்பு, சிவப்பு என்ற எந்த நிறக் குழியில் விழும் என்று பணயம் வைக்கும் ஆட்டம் அது. ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணின்மேல் வைத்து ஜெயித்தால் 35 மடங்கு பரிசு. சூதாட்ட விடுதியின் பங்கு 2.7 சதவீதம். இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்த சக்கரத்தில் 38 குழிகள், பங்கு 5.26 சதவீதம். "2.7 கொஞ்சம்தானே சார்" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். கையில் இருக்கும் பணத்தில் 2.7 இல்லை, ஒவ்வொரு முறை வைக்கும் பணயத்திலும் 2.7. நூறு நாணயத்தோடு போய், பத்துப் பத்தாக 400 சுற்று ஆடுபவர் மொத்தம் 4,000 நாணயத்துக்குப் பணயம் வைக்கிறார். அதில் 2.7 சதவீதம் 108. கொண்டுபோனதே நூறுதான்.

லாட்டரிக்கு ஒரு சிறிய வித்தை. 49 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்லவேண்டிய லாட்டரியில் 1,39,83,816 சேர்க்கைகள் உண்டு. இந்த எண்ணைப் பலகையில் எழுதினால் யார் முகத்திலும் ஒரு சலனமும் இருக்காது. அத்தனை வினாடிகள் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 162 நாட்கள். இன்று தொடங்கி 162 நாட்களுக்குள் ஒரு மாணவி ஏதாவது ஒரு வினாடியை மனதில் நினைத்துத் தாளில் எழுதட்டும்: எந்த நாள், எத்தனை மணி, எத்தனையாவது நிமிடம், எந்த வினாடி. மற்றவர்கள் ஊகிக்கட்டும். எந்த நாள் என்பதைக்கூடப் பெரும்பாலும் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். வினாடி வரை போகவே வேண்டாம்.

படி 4: "அடுத்தது வந்தே தீரும்"

ஆட்டத்தில் ஜெயித்தவர் சொன்ன சூத்திரம் நினைவிருக்கிறதல்லவா? அதை இப்போது எடுங்கள். வகுப்பில் பாதிப் பேர் நாணயத்தை உண்மையாகவே 100 முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதவேண்டும். மறுபாதி சுண்டாமல் கற்பனையாகவே 100 எழுதவேண்டும். அந்த நேரம் நீங்கள் வெளியே போய்விடுங்கள். திரும்பி வந்து தாள்களை வாங்கி, எது உண்மை, எது கற்பனை என்று பிரித்துக் காட்டுங்கள். உண்மையான வரிசையில் ஐந்து பூ அல்லது ஐந்து தலை தொடர்ந்து வருவது ஏறத்தாழ உறுதி. ஆறு, ஏழுகூட வரும். கற்பனையாக எழுதும் கை மூன்று, நான்குக்கு மேல் போகப் பயப்படும். ஓரிரு தாள்கள் உங்களையும் ஏமாற்றும், பரவாயில்லை.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பில் விழுந்தது. இத்தனை கறுப்புக்குப் பிறகு சிவப்பு வந்தே தீரும் என்று மக்கள் அள்ளி அள்ளி வைத்துத் தோற்றார்கள். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. இதையொட்டி, தோற்றால் இரட்டிப்பாக வைக்கும் உத்தியையும் கணக்காகக் கொடுங்கள். ஒன்றில் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றவர் 1,023 இழந்து, அடுத்ததாக 1,024 வைக்கவேண்டும். அப்படி ஜெயித்தாலும் அவருக்கு மிஞ்சுவது ஒன்றுதான். வகுப்பு தானாகவே சிரிக்கும்.

படி 5: ஆசை எப்படி வளர்க்கப்படுகிறது

கணக்கோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சூதாட்டத்தின் கணக்கைக் கற்பித்துப் பார்த்த ஒரு கனடிய ஆய்வு 2006-ல் வெளியானது. மாணவர்கள் கணக்கில் தேறினார்கள். ஆடுவது மட்டும் குறையவில்லை. அறிவு ஒரு பக்கம் இருக்க, கை மறுபக்கம் போகிறது. எனவே மூன்றாவது வகுப்பு கைக்கானது.

பகடை ஆட்டத்துக்கே திரும்புங்கள். "6 விழுந்து, மயிரிழையில் 7 தவறியபோது எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது போல" என்பார்கள். 6-உம் தோல்விதான், 2-உம் தோல்விதான். மனம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இத்தகைய நூலிழைத் தோல்விகள் வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளையே தூண்டுவதை மூளைப் பட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொன்று, பரிசு எப்போது வரும் என்று தெரியாமை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைகளில், எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தன. மூன்றாவது, தோல்விக்கு வெற்றி வேடம். சில சூதாட்ட இயந்திரங்களில் 20 நாணயம் வைத்து 8 திரும்பி வந்தாலும் விளக்கு எரியும், இசை ஒலிக்கும். 12 போயிற்று என்று எந்த மணியும் அடிக்காது. தங்கள் கைப்பேசி விளையாட்டுகளில் இந்த மூன்றில் எவற்றைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். உங்களுக்குத் தெரியாத பத்து உதாரணங்கள் வரும்.

படி 6: எப்போது நோயாகிறது

இதைக் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் தன் மனநோய் வகைப்பாட்டைத் திருத்தியபோது, சூதாட்டக் கோளாறை மதுவும் போதைப்பொருளும் உள்ள அடிமைத்தனப் பகுதிக்குள் கொண்டுவந்தது. கவனிக்கவேண்டிய அறிகுறிகளை மாணவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்: நேற்று விட்டதைப் பிடிக்க இன்று ஆடுவது, தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்த முயன்றால் எரிச்சல் வருவது, எவ்வளவு போனது என்று பொய் சொல்வது, கடன் கேட்பது. "விட்டதைப் பிடிப்பது" என்ற சொல்லைப் பலகையில் தனியாக எழுதுங்கள். பகடை ஆட்டத்தின் கடைசி ஐந்து உருட்டலில் துண்டு குறைந்தவர்கள் என்ன செய்ய நினைத்தார்கள் என்று கேட்டால், "இரண்டாக வைக்கவிடுங்கள் சார் என்று கேட்டேனே" என்று ஒருவராவது சொல்வார். வெறும் காகிதத் துண்டுக்கே அந்தத் தவிப்பு.

நண்பன் கடன் கேட்டால் என்ன சொல்வது என்று இருவர் இருவராக நடித்துப் பார்க்கச் சொல்லலாம். கேட்பவர் விடாமல் கேட்கவேண்டும். மறுப்பவர் உபதேசம் செய்யக் கூடாது. நேரம் இருந்தால் செய்யுங்கள்.

முடிவில் எல்லோருக்கும் ஒரே அளவு தாள் கொடுத்து, கேள்வியோ சொல்ல நினைப்பதோ எதுவானாலும் பெயரில்லாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எழுத ஒன்றும் இல்லாதவர்களும் வெற்றுத் தாளை மடித்துப் போடவேண்டும். அப்போதுதான் எழுதியவர் யார் என்று தெரியாது. பெயர் எழுதினால் தனியாகப் பேசுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பிறகு பெட்டியை அன்றே எடுத்துவிடாமல் இரண்டு வாரம் நூலக வாசலில் வையுங்கள். என் வகுப்பில் முதல் நாள் விழுந்தவை பெரும்பாலும் வெற்றுத் தாள்களும் கிறுக்கல்களும்தான். பெயரோடு ஒரு தாள் ஒன்பதாம் நாள் வந்தது.